மணிக்கு என்ன ஆச்சுன்னு கேட்டவங்களுக்கு



இது கொஞ்சம் நீளமான பதிவு. பூஜை நேரம், உபயம் பத்தின அறிவிப்பு இல்லை, அது தனியா வரும். ஆடித் திருவிழா அன்னைக்கு நிறைய பேர் என்கிட்ட "மணி எங்கண்ணே, மண்டபத்துல காணோமே"ன்னு கேட்டீங்க. கழுத்துல பிளாஸ்டிக் கூம்பு மாட்டிக்கிட்டு என் வீட்டு வாசல்ல அவன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து சில பேர் சிரிச்சீங்க. சிரிக்கிற மாதிரிதான் இருந்தான். ஆனா அதுக்கு முன்னாடி நடந்தது சிரிக்கிற விஷயம் இல்லை. அதுல என் தப்பு இருக்கு. கோயில் சம்பந்தப்பட்ட தப்புங்கிறதால, கோயிலுக்கு வர்றவங்ககிட்டயே சொல்லிடணும்னு எழுதுறேன்.

வெளியூர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. மணி என் வீட்டு நாய். ஏழு வருஷம் முன்னாடி, மழை நாள்ல, தொழிற்சாலை லோரி நிக்கிற கொட்டகைக்குள்ள குட்டியா ஒண்டிக்கிட்டு இருந்தான். வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தேன். கோயில் மணி அடிச்சா இவனும் மூக்கை மேல தூக்கி ஊளை விடுவான், அதனால பிள்ளைங்க வச்ச பேரு மணி. நான் சாயங்காலம் கோயிலுக்குப் போனா கூடவே வருவான். சந்நிதிக்குள்ள காலை வைக்க மாட்டான். வெளி மண்டபத்துல, விளக்கு மாடத்துக்குப் பக்கத்துல ஒரு மூலை இருக்கு, அங்க வயித்தை தரையில ஒட்டிப் படுத்துக்குவான். நான் வேலை முடிச்சுக் கிளம்பும்போதுதான் எழுந்திருப்பான். கம்போங் ராஜா குளிர் உங்களுக்கே தெரியும். அந்த மூலையில விளக்குச் சூடு கொஞ்சம் இருக்கும்.

திருவிழாவுக்கு எட்டு நாள் முன்னாடி, சனிக்கிழமை, கோத்தோங் ரோயோங் வச்சோம். இளைஞர்கள் பந்தல் கம்பி இறக்கினாங்க, பெண்கள் பாத்திரம் தேய்ச்சாங்க. மண்டபத் தரையைக் கழுவுறது என் பொறுப்பு. விளக்கு எண்ணெய், கற்பூரப் புகை, ஒரு வருஷப் பிசுக்கு எல்லாம் சேர்ந்து தரை கறுத்துப் போயிருந்துச்சு. சோப்புத் தூள் போட்டுத் தேய்ச்சாலும் போகலை. நான் ஹார்ட்வேர் கடைக்குப் போய், எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கிற திரவம் ஒரு டின் வாங்கிட்டு வந்தேன். காஸ்டிக் சோடா கலந்தது, மெஷின் பாகம் கழுவப் பயன்படுத்துறது. டின்னு மேல ஒரு வாளித் தண்ணிக்கு எத்தனை மூடின்னு தெளிவா போட்டிருந்துச்சு. நான் படிக்கவும் செஞ்சேன். படிச்சிட்டு, "இந்தப் பிசுக்குக்கு மூடிக் கணக்கெல்லாம் ஆகாது"ன்னு அப்படியே ஊத்தித் தேய்ச்சேன். கையில ரப்பர் உறை, கால்ல பூட்ஸ் போட்டிருந்தேன். தரை பளிச்சுன்னு ஆயிடுச்சு. மேலாக ரெண்டு வாளித் தண்ணி ஊத்தித் தள்ளிவிட்டேன். இருட்டிடுச்சு, எல்லாரும் களைச்சுப் போயிட்டோம். தலைவர் வந்து பார்த்துட்டு, "புது மார்பிள் போட்ட மாதிரி இருக்கே"ன்னு பாராட்டினாரு. எனக்குப் பெருமை தாங்கலை.

அன்னைக்கு ராத்திரியும் மறுநாள் ஞாயிறு முழுக்கவும் மணி அந்த மூலையிலதான் படுத்திருந்தான்.

ஞாயிறு ராத்திரி வீட்டுல விடாம நக்கிக்கிட்டே இருந்தான். முதல்ல கால் பாதம், அப்புறம் வயிறு. திங்கக்கிழமை காலையில திருப்பிப் போட்டுப் பார்த்தா, அடி வயிறு, தொடை இடுக்கு, முன்கால் கக்கம் எல்லாம் ரத்தச் சிவப்பு. விரல் இடுக்குல ஈரம் கசிஞ்சிருந்துச்சு. அவனால ஒரு இடத்துல நிக்க முடியலை. உட்காருவான், உடனே எழுந்திருப்பான், நக்குவான், முனகுவான்.

எனக்கு முதல்ல யார் மேல சந்தேகம் வந்துச்சு தெரியுமா? பக்கத்துக் காய்கறித் தோட்டத்து தவுக்கே மேல. "மருந்தடிச்ச பாத்தியில நாய் ஓடியிருக்கு, அவன்தான் கெடுத்துட்டான்"னு வீட்டுல கத்தினேன். நம்ம ஊர்ல அப்படியும் நடக்கும், அதை இல்லைன்னு சொல்லலை. ஆனா அவரு அந்த வாரம் மருந்தே அடிக்கலை, முட்டைக்கோஸ் அறுவடை ஓடிக்கிட்டு இருந்துச்சு. அது எனக்கும் தெரியும், தினம் அந்த வழியாதான் வேலைக்குப் போறேன். தெரிஞ்சும் திட்டினேன்.

சாயங்காலம் கோயிலுக்குப் போனப்ப மணியும் பின்னாடியே வந்துட்டான். மண்டபத்துல உட்கார்ந்து சொறிஞ்சான். நிர்வாகக் குழுவுல ஒரு தம்பி என்னைத் தனியா கூப்பிட்டு, "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. சொறி நாயை இங்க விடாதீங்க. திருவிழாவுக்கு சின்னப் பிள்ளைங்க வரும், ஒட்டிக்கும்"னு சொன்னாரு. இன்னொருத்தர், "எங்கிட்ட வேன் இருக்கு, லோஜிங் பக்கம் கொண்டு போய் விட்டுடலாம், அங்க தோட்டத்துல எதையாவது தின்னு பிழைச்சுக்கும்"னு சொன்னாரு.

இப்ப சொல்றதுதான் எனக்கு எழுதக் கஷ்டமா இருக்கு. நான் மாட்டேன்னு சொல்லலை. "நாளைக்குப் பார்க்கலாம்"னு சொன்னேன்.

பாண்டவர்ல மூத்தவரு, கூடவே வந்த நாயை விட்டுட்டு வந்தாதான் சொர்க்கம்னு இந்திரன் சொன்னப்ப, அப்படிப்பட்ட சொர்க்கம் வேண்டாம்னு நின்ன கதையை நம்ம கோயில் மண்டபத்துலயே எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். கேட்டுத் தலையாட்டியிருக்கேன். பைரவர் படத்துக்குப் பொட்டு வைக்கிறப்ப கீழ இருக்கிற நாய்க்கும் சேர்த்துத்தான் வைப்பேன். நேப்பாளத்துல நம்ம தீபாவளி சமயத்துல திஹார் பண்டிகையில நாய்களுக்குன்னே ஒரு நாள் வச்சு மாலை போடுறாங்கன்னு போன வருஷம் இதே பக்கத்துல நான்தான் பகிர்ந்தேன். ஆனா என் நாய்க்கு ஒரு சொறி வந்து, நாலு பேர் முகம் சுளிச்சதும், "நாளைக்குப் பார்க்கலாம்"னுதான் என் வாயில வந்துச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. அவனும் தூங்கலை, நக்கிக்கிட்டே கிடந்தான்.

செவ்வாய்க்கிழமை நானே வைத்தியம் பண்ணலாம்னு இறங்கினேன். வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் பூசினேன். பூசின கையோட அவன் அத்தனையும் நக்கி, அரை மணி நேரத்துல வாந்தி எடுத்தான். அப்புறம் வீட்டுல புண்ணு கழுவுற மருந்துத் தண்ணி இருந்துச்சு, அதைத் தண்ணி கலக்காம பஞ்சுல நனைச்சு வச்சேன். அவன் அலறின அலறல் எங்க லயத்துக் கடைசி வீடு வரைக்கும் கேட்டிருக்கும். என் கையைக் கடிச்சிருக்கலாம், கடிக்கலை. கட்டிலுக்கு அடியில போய் சுவத்தோட ஒட்டிக்கிட்டான். ஏழு வருஷத்துல என்னைப் பார்த்து அவன் ஒளிஞ்சது அன்னைக்குத்தான்.

மூணாவதா, பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு பழைய டின்னுல கறுப்பு எண்ணெய் கொண்டு வந்தாரு. என்ஜின்ல இருந்து வடிச்சது, அதுல கந்தகத் தூள் கலந்து பூசணும். எங்க அப்பா காலத்துல தோட்டத்து நாய்க்கெல்லாம் இதுதான் வைத்தியம், நானே பார்த்திருக்கேன். டின்னைக் கையில வாங்கிட்டேன். என் வீட்டுக்காரம்மாதான் வந்து பிடுங்கினாங்க. "என்னங்க, காலையில இருந்து மூணாவது மருந்து. ஒவ்வொரு தடவையும் அது மேல மேல துடிக்குது. என்னன்னே தெரியாம எத்தனை பூசுவீங்க? நாளைக்கு லீவு போட்டுட்டு ஈப்போவுக்குக் கொண்டு போங்க"ன்னு சொன்னாங்க. பெரியவருக்கு மனசு நோகாம டீ போட்டுக் கொடுத்து அனுப்பினாங்க.

புதன்கிழமை விடியக் காலையில காடியில பின் சீட்டுல சாக்கு விரிச்சு மணியைப் படுக்க வச்சு, சிம்பாங் புலாய் ரோட்டுல இறங்கினேன். முன்னாடி தாப்பா வழியா சுத்திப் போன காலத்தை நினைச்சா இந்த ரோடு பெரிய வரம்தான், ஆனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். வளைவுக்கு வளைவு பின்னாடி இருந்து நக்குற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

கால்நடை டாக்டர் ஒரு சீன அம்மா. மலாயில பேசினாங்க, நல்லா புரிஞ்சுது. உடனே ஊசியை எடுக்கலை, முதல்ல பார்த்தாங்க. பொடிப் பல்லு சீப்பால முதுகையும் வால் அடியையும் சீவி, வந்த அழுக்கை ஈரக் காகிதத்துல தட்டினாங்க. தெள்ளுப் பூச்சி எச்சமா இருந்தா ஈரத்துல செம்பழுப்பா கரையும், அது அந்தப் பூச்சி குடிச்ச ரத்தம்னு சொன்னாங்க. இவனுக்கு அப்படி எதுவும் கரையலை. அப்புறம் பிளேடு ஓரத்தால தோலை லேசா சுரண்டி, கண்ணாடித் துண்டுல வச்சு மைக்ராஸ்கோப்புல பார்த்தாங்க. சொறிப் பூச்சி கண்ணுக்குத் தெரியலை. "ஒரு தடவை சுரண்டித் தெரியலைன்னா இல்லவே இல்லைன்னு அர்த்தம் இல்லை, ஆனா சொறின்னா பெரும்பாலும் காது விளிம்பு, முழங்கை பக்கம் ஆரம்பிக்கும். இவன் காது சுத்தமா இருக்கு"ன்னு சொன்னாங்க.

அப்புறம் அவனைத் திருப்பிப் போட்டு என்கிட்ட காட்டினாங்க. "நல்லா பாருங்க. முதுகு சுத்தம், பக்கவாட்டு சுத்தம், காது சுத்தம். வயிறு, கக்கம், தொடை இடுக்கு, பாதம், தாடைக்கு அடி. முடி குறைவா இருந்து தரையில படுற இடம் மட்டும்தான் வெந்திருக்கு. இவன் எது மேல படுக்கிறான்?"

கோயில் மண்டபத்துலன்னு சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி ரெண்டு நாள்ல ஏதாவது மாறுச்சா? சாப்பாடு, சோப்பு, படுக்கை, தரை?"

ஒண்ணும் மாறலைன்னு சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை வரலை.

நான் தேயிலைத் தொழிற்சாலையில வேலைக்குச் சேர்ந்து முப்பது வருஷம் தாண்டிடுச்சு, சூப்பர்வைசரா மட்டும் பதினாலு வருஷம். புதுசா வர்ற பசங்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக் கொடுக்கிற பாடம் ஒண்ணே ஒண்ணுதான். காய்ஞ்ச தூள்ல ஈரம் 3 சதவீதம் அளவுல நிக்கணும். ஒரு நாள் திடீர்னு ஏறிடுச்சுன்னா, உலர்த்துற மெஷினைத் திட்டாத, கொழுந்து எடுக்கிறவங்களைத் திட்டாத, சூட்டை ஏத்தி இறக்கி விளையாடாத. முதல்ல ஒரு கேள்வி கேளு: நேத்துக்கும் இன்னைக்கும் நடுவுல என்ன மாறுச்சு? மழையில நனைஞ்ச இலையா, வாட்டல் நேரம் குறைஞ்சுதா, விறகு மாறுச்சா? திடீர்னு ஒரு பழுது வந்தா, திடீர்னு ஏதோ ஒண்ணு மாறியிருக்கு. அதைக் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி எதையும் தொடாத.

முப்பது வருஷம் மெஷினுக்குக் கேட்ட கேள்வியை, வீட்டுல ஒரு உயிருக்கு மூணு நாளா நான் கேட்கலை. தவுக்கேவைத் திட்டினேன். மஞ்சள் பூசினேன், மருந்துத் தண்ணி வச்சேன். மாறினது என்னன்னு யோசிச்சிருந்தா ஒரே நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். மாத்தினதே நான்தானே.

டாக்டரம்மாகிட்ட தரை கழுவினதைச் சொன்னேன். கைபேசியில டின்னோட படத்தைக் காட்டினேன். தலையாட்டினாங்க, திட்டலை. காரம் அதிகமான திரவம், சரியா அலசாம விட்டா தரையில காய்ஞ்சு தங்கிடும், அவன் உடம்பு ஈரம் பட்டதும் மறுபடி கரைஞ்சு தோலை அரிக்கும்னு சொன்னாங்க. நாய்த் தோல் பார்க்க முரட்டுத்தனமா இருந்தாலும், முடிக்கு அடியில மனுஷத் தோலைவிட மெலிசாம். அவன் நக்க நக்க ஈரமும் கிருமியும் சேர்ந்து புண்ணாயிருக்கு. அதுக்கு மேல நான் வச்ச மருந்துத் தண்ணி வெந்த இடத்தை மறுபடி வேக வச்சிருக்கு.

வெதுவெதுப்பான தண்ணியில ரொம்ப நேரம் அலசி, புண்ணைச் சுத்தி முடியை வெட்டி, அரிப்புக்கு ஊசி போட்டு, ஒரு வாரத்துக்கு மாத்திரையும் மருந்து ஷாம்பும் கொடுத்தாங்க. ஷாம்பு போட்டா பத்து நிமிஷம் ஊறவிட்டுத்தான் அலசணும், போட்ட உடனே கழுவினா பிரயோஜனம் இல்லைன்னு சொல்லி அனுப்பினாங்க. அப்புறம் அந்தக் கூம்பு. மொத்தம் 230 வெள்ளி ஆச்சு. வழக்கமா செலவு பத்தி முணுமுணுக்கிற ஆள் நான், அன்னைக்கு ஒரு வார்த்தை பேசலை.

திரும்பி மலை ஏறி வரும்போது இன்னொண்ணு ஞாபகம் வந்துச்சு. அதுதான் என்னை ரொம்ப உலுக்கிடுச்சு. ஞாயித்துக்கிழமை காலையில மண்டபத்துல கோலம் போட்ட பாட்டி, "தம்பி, உள்ளங்கை எரியுதுப்பா, தரையில என்ன போட்டீங்க?"ன்னு என்கிட்ட கேட்டாங்க. நான் சிரிச்சுக்கிட்டே, "குளிருக்குத் தோல் வெடிச்சிருக்கும் பாட்டி, தேங்காய் எண்ணெய் தடவுங்க"ன்னு சொல்லிட்டு நகர்ந்துட்டேன். பாட்டி வாயால சொன்னதையும் நான் காதுல வாங்கலை, மணி வாயில்லாம சொன்னதையும் வாங்கலை.

அதே தரையில இன்னும் நாலு நாள்ல முன்னூறு பேர் வெறுங்கால்ல நடக்கப் போறாங்க. கைக்குழந்தைகள் தவழும். நேர்த்திக்கடனுக்கு அங்கப்பிரதட்சணம் பண்றவங்க ஈர வேட்டியோட உடம்பு முழுக்க அந்தத் தரையில உருளப் போறாங்க. காடியை ஓரமா நிறுத்திட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டேன். மணிக்கு வரலைன்னா இது யாருக்கு வந்திருக்கும்?

வீட்டுக்குப் போகலை. மணியை வீட்டுக்காரம்மாகிட்ட விட்டுட்டு நேரா கோயிலுக்குப் போனேன். தலைவர், அந்தத் தம்பி, வேன் வச்சிருக்கிறவர் எல்லாரையும் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். மணிக்கு வந்தது ஒட்டுற சொறி இல்லை, நான் கழுவின தரையால வந்ததுன்னு சொன்னேன். ஒருத்தரும் ஒண்ணும் பேசலை. அந்தத் தம்பிதான் முதல்ல எழுந்து வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, "அண்ணே, ஹோஸ் பைப் எங்க இருக்கு?"ன்னு கேட்டாரு. அன்னைக்கு ராத்திரி பதினொரு மணி வரைக்கும் வெறும் தண்ணி விட்டு விட்டு மண்டபத்தை அலசினோம். வேன்காரர்தான் கடைசி வரைக்கும் துடைப்பத்தைக் கீழ வைக்கலை. மறுநாளும் ரெண்டு தடவை அலசினோம். பாட்டி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கையைக் காட்டினாங்க, ஆறிட்டு வந்துச்சு. "உன் நாய்க்கு எப்படி இருக்கு?"ன்னுதான் முதல்ல கேட்டாங்க.

அந்தத் தம்பி மேல எனக்குக் கோபம் இல்லை. பிள்ளைங்களுக்கு ஒட்டும்னு அவர் பயந்தது நியாயம்தான். சொறி பூச்சியால வர்ற வகை, படர்தாமரை வகை ரெண்டும் நாய்கிட்ட இருந்து மனுஷங்களுக்கு ஒட்டும்னு டாக்டரம்மாவும் சொன்னாங்க. அதனால எது ஒட்டும், எது ஒட்டாதுன்னு பார்த்துச் சொல்ல வேண்டியது டாக்டர். நாமளே பேர் வச்சு நாயை லோஜிங்ல விட்டுட்டு வந்திருந்தா, மணியும் போயிருப்பான், தரையும் அப்படியே இருந்திருக்கும்.

நம்ம தோட்டத்துல நிறைய வீட்டுல நாய் இருக்கு. டாக்டரம்மா சொன்னதையும் நான் பட்டுத் தெரிஞ்சதையும் சுருக்கமா எழுதுறேன், யாருக்காவது உதவும்.

நாய் திடீர்னு அரிக்க ஆரம்பிச்சா எதையும் பூசாதீங்க. முதல்ல நல்ல வெளிச்சத்துல உடம்பு முழுக்கப் பாருங்க. எங்க இருக்குங்கிறதே பாதி பதில். வால் அடியும் இடுப்பும்னா தெள்ளுப் பூச்சியை நினைங்க. ஒத்துக்காத நாய்க்கு ஒண்ணு ரெண்டு கடியே போதும், படுக்கைச் சாக்கு, பாய் எல்லாம் சுடு தண்ணியில துவைக்கணும். காது விளிம்பு, முழங்கைன்னா சொறிப் பூச்சியா இருக்கலாம். வயிறும் பாதமும் மட்டும்னா அது எது மேல நடந்துச்சு, எது மேல படுத்துச்சுன்னு யோசிங்க. ஒரே இடத்துல ஈரப் புண்ணா மணிக்கு மணி பெரிசாகுதுன்னா தாமதிக்காதீங்க. இதெல்லாம் யோசிக்கத்தான், முடிவு சொல்றது டாக்டர்.

தரையில இருந்தோ தோட்டத்துல இருந்தோ ஏதோ பட்டிருக்குன்னு தோணினா, கையுறை போட்டுக்கிட்டு வெதுவெதுப்பான வெறும் தண்ணியில பத்து நிமிஷத்துக்குக் குறையாம அலசுங்க. நக்க விடாதீங்க. கூம்பு இல்லைன்னா பழைய பனியனை மாட்டி விடுங்க. ஒரு படம் எடுத்து வைங்க, எந்த நாள் ஆரம்பிச்சதுன்னு குறிச்சு வைங்க. பட்ட பொருளோட டின்னையோ படத்தையோ கையோட எடுத்துட்டுப் போங்க.

கறுப்பு எண்ணெய் வேண்டவே வேண்டாம். தோல் வழியாவும் நக்கி வயித்துக்குள்ளயும் போய் விஷமாகும். நம்ம தலைவலித் தைலம், கற்பூர எண்ணெய், மனுஷங்க அரிப்புக்குப் போடுற கிரீம், வலி மாத்திரை இதெல்லாம் நம்ம உடம்புக்குத்தான். நாய்க்குக் கொடுக்காதீங்க. இன்னொண்ணு: நாய்க்குப் போடுற உண்ணி மருந்து சிலது பூனை உயிரையே எடுத்துடும். வீட்டுல ரெண்டும் இருந்தா கேட்டு வாங்குங்க.

முகம் வீங்கினா, மூச்சு வாங்கினா, விடாம வாந்தி எடுத்தா, துவண்டு விழுந்தா காலை வரைக்கும் காத்திருக்காதீங்க. மருந்தடிச்ச பாத்தியில ஓடிட்டு வந்து வாயில எச்சில் ஒழுகி, உடம்பு நடுங்கினாலும் அதே மாதிரிதான். நம்ம மலையில இருந்து இறங்கவே ஒரு மணி நேரம் ஆகும், அதை மனசுல வச்சுக் கிளம்புங்க.

கோயில் பக்கம் ஒரு முடிவு எடுத்திருக்கோம். இனிமே மண்டபம் கழுவ, பாத்திரம் கழுவுற சாதாரண சோப்புதான், அதுவும் அளந்து. அலசுறது மூணு தடவை. கடைசியா கழுவினவர் செருப்பில்லாம மண்டபத்தைச் சுத்தி நடந்து பார்க்கணும். பாட்டி சொன்ன யோசனை இது. பிசுக்கு கொஞ்சம் மிச்சம் இருந்தா இருக்கட்டும், அது அம்மனுக்கு ஏத்தின விளக்கு எண்ணெய்தானே.

மணிக்கு இப்ப வயித்துல முடி முளைச்சிடுச்சு. மூணாவது நாளே நக்குறதைக் குறைச்சான், பத்து நாள்ல கூம்பைக் கழட்டினோம். ஆனா அந்த ஒரு விஷயம் ஆற ரொம்ப நாளாச்சு. கையில நான் பஞ்சு எடுத்தாலே கட்டிலுக்கு அடியில போயிடுவான். நான் தினம் ராத்திரி தரையில உட்கார்ந்து வெறுங்கையை நீட்டிக்கிட்டு இருப்பேன். வருவான், முகர்ந்து பார்ப்பான், போயிடுவான். போன வெள்ளிக்கிழமைதான் வந்து தாடையை என் உள்ளங்கையில வச்சான்.

நேத்து சாயங்காலம் மறுபடி கோயிலுக்கு வந்தான். படியில நின்னு என்னைப் பார்த்தான். நான் செருப்பைக் கழட்டிட்டு, முதல்ல அந்த மூலைக்கு நானே போய், உள்ளங்கையைத் தரையில கொஞ்ச நேரம் வச்சுப் பார்த்தேன். குளுகுளுன்னு இருந்துச்சு, எரியலை. அதுக்கப்புறம்தான் அவனைக் கூப்பிட்டேன். வந்து படுத்தான். தீபாராதனைக்கு மணி அடிச்சதும் பழையபடி ஊளை விட்டான். குருக்கள் உள்ள இருந்து எட்டிப் பார்த்துச் சிரிச்சாரு.

 எங்கேயாவது தப்பா எழுதியிருந்தா மன்னிச்சுக்குங்க. அடுத்த வாரம் பௌர்ணமி பூஜை இருக்கு, குடும்பத்தோட வாங்க. தரையில தைரியமா உட்காரலாம்.

ஓம் சக்தி.